ஆத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊரில் "ஆத்துக்குப் போறேன்" என்றால் கையில் சொம்போடு போகிறார்கள் என்று அர்த்தம். பாலாற்றுக்கு வேறு எதற்காகப் போவது? மணல், முள்செடி, தோல் பதனிடுகிற ஷாப்புகளிலிருந்து வருகிற கறுப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதனால், தொண்ணூறுகளின் கடைசியில் ஷூ கம்பெனி ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், "ஞாயித்துக்கெழம ஆத்துக்குப் போலாம்மா" என்று நான் சொன்னபோது அம்மா அரிசி களைவதை நிறுத்தவே இல்லை.

"போய்ட்டு வா. அதுக்கு நான் எதுக்கு தொணைக்கு?"

ஒகேனக்கல் என்று விளக்கினேன். காவேரி, பரிசல், வறுத்த மீன் எல்லாம் சொன்னேன். அம்மா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்றாள்.

அந்த "நமக்கெதுக்கு" மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அம்மாவுக்கு வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலிலிருந்து உப்பை உதறி அடுக்க வேண்டும். சீயக்காய் தேய்த்தாலும் மஞ்சள் பூசினாலும் அந்த நாற்றம் தன்னை விட்டுப் போகாது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். பஸ்ஸில் கடைசி சீட்டு, ஜன்னலோரம். சர்ச்சில் வாசலை ஒட்டிய பாய். யாராவது பக்கத்தில் உட்கார வந்தால் அவளே முந்திக்கொண்டு, "முன்னாடி எடம் இருக்கு பாருங்க" என்பாள்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் மீட்டிங்குக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னவள் நான்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆறு, படகு எல்லாம் சாக்கு. அவளை ஒருமுறையாவது நாலு பேர் நடுவில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பதுதான் என் வீம்பு.

இரண்டு வாரம் நச்சரித்துத்தான் கிளப்பினேன். அன்றைக்கு ஆராதனைக்கு மட்டம். திருப்பத்தூர், தருமபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். எல்லா பஸ்ஸிலும் கடைசி சீட்டுதான்.

ஒகேனக்கல்லில் அம்மா அருவியைப் பார்த்து மலைத்துப்போகவில்லை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலிடம்தான் நேராகப் போனாள். அப்போதே நிறையப் பரிசல்களுக்கு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன. இது பழைய ஆள், தோல் போர்த்தியது. அம்மா உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள்.

"எருமை. கழுத்துப் பக்கம் சுருக்கம் பாரு."

பரிசல்காரர் அசந்துபோய், "சரியா சொல்றியேக்கா" என்றார். அம்மா முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிச்சி வந்தது.

பரிசலைத் தண்ணீரில் இறக்கி எங்களை ஏற்றிக்கொண்டவர், இன்னும் இரண்டு பேர் ஏறட்டும் என்று காத்திருந்தார். பட்டணத்திலிருந்து வந்த ஒரு தம்பதி ஏறினார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்த உடனே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்ன இப்படி தோல் நாத்தம் அடிக்குது? ஏம்ப்பா, இவங்கள வேற பரிசல்ல ஏத்தக்கூடாதா?"

அம்மா பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். அந்த அம்மாள் மடியிலிருந்த தோல் பை என்ன ரோஜாப்பூவிலா தைத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பரிசல்காரர் முந்திக்கொண்டார்.

"அது பரிசல்ங்கம்மா. தோலு தண்ணில ஊறுனா அப்படித்தான் வீச்சம் வரும்."

நல்ல மனுஷர். தப்பித்துக்கொள்ள எங்களுக்கு ஒரு வழி திறந்துவிட்டார். நான் என்றால் அந்தப் பொய்க்குள் நுழைந்து கம்மென்று இருந்திருப்பேன். அம்மா என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்தாள்.

"பரிசல் மேல பழி போடாதப்பா. இந்தத் தோலு நல்லாத்தான் இருக்குது. நாத்தம் என் மேலதான். இருவது வருஷமா தோல் ஷாப்புல இருக்கேன். எம் பொண்ணு படிச்சது இந்த நாத்தத்துலதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எறங்கணும்னா நீங்க எறங்கிக்கங்கம்மா. நாங்க எறங்க மாட்டோம்" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் இடம் காட்டுகிற அதே குரல்தான். அந்தக் கணவர் தண்ணீரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு இருவரும் இறங்கிப் போனார்கள்.

பரிசல்காரர் வேறு ஆளுக்குக் காத்திருக்கவில்லை. எங்கள் இரண்டு பேரை மட்டும் வைத்துத் துடுப்பைப் போட்டார். பாறைகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினதுபோல் நிற்கிற இடத்தில், பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிட்டார். நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா, உப்பு தின்று வெடித்த கையைத் தண்ணீரில் விட்டபடி, "இன்னொரு சுத்து விடுப்பா" என்றாள்.

திரும்பும்போது தருமபுரியில் காலி பஸ்தான் கிடைத்தது. பழக்கதோஷத்தில் நான் நேராகக் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அம்மாவைத் தேடினேன். டிரைவருக்குப் பின்னால், முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து முன்னால் போவதற்குள் பஸ் நிறையத் தொடங்கிவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். அம்மா நகர்ந்து பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வந்து உக்காரும்மா. எடம் இருக்கு."

எனக்குத்தான் இடமில்லை. திருப்பத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.