வின்சென்ஸின் பித்தளைக் கூடுகள்

எங்கள் பள்ளத்தாக்கில் வின்சென்ஸ் ஓபர்லெர்ஹரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். முப்பத்தொரு வருஷமாகப் பால் வண்டி ஓட்டுகிறான். அவன் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் இறங்கி நடந்தே போய்விடலாம். கல்யாணம் செய்யவில்லை. தினமும் மதியம் பன்னிரண்டேகாலுக்கு நான் சமைக்கும் விடுதிக்கு வந்து, அடுப்படிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஈரல் உருண்டை சூப் குடிப்பான். உப்பு குறைந்தாலும் சொல்லமாட்டான், கூடினாலும் சொல்லமாட்டான். அவனுடைய வாய்க்குள் சூப் போகுமே தவிர, வார்த்தை வெளியே வராது.

அவன் வாய் திறக்கும் விஷயம் ஒன்றே ஒன்று, அவன் துப்பாக்கி. இருபத்துநாலு வயதில் ஒரு வனக்காவலரின் மனைவியிடம் வாங்கியது. நடுவில் மடித்துத் திறக்க வேண்டும், ஒரு சமயத்துக்கு ஒரு தோட்டாதான். ஆறரை மில்லிமீட்டர் குண்டு, வெடிமருந்து அடைக்க ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் நீளப் பித்தளைக் கூடு, அடியில் விளிம்பு. அவன் தாத்தா காலத்து அளவு. அதற்குத் தோட்டா செய்வதைத் தொழிற்சாலைக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

போன வருஷம் மே மாதம் பார்த்தால் அவனிடம் மிச்சம் இரண்டு தோட்டா. அந்த வருஷம் எங்கள் ஊர் வேட்டைச் சங்கத்தில் ஒரு மலையாடு அவன் பங்குக்கு விழுந்திருந்தது. ஆனால் மலைக்குக் கொண்டுபோகிற துப்பாக்கியால் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை குறி அட்டையில் மூன்று குண்டு சுட்டுக் காட்டியாக வேண்டும். எங்கள் சங்கத்தில் யாருக்கும் இதில் விலக்கு கிடையாது. சுடாவிட்டால் ஆடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவன் முட்டி வேறு போன குளிர்காலத்திலிருந்து படி ஏறும்போதே கடகடவென்றது. அடுத்த வருஷம் மேலே ஏறுவான் என்று யாரும் நம்பவில்லை, அவனும்தான்.

"வேற துப்பாக்கி இரவல் தர்றேன், எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார் சங்கத் தலைவரான மாட்டு டாக்டர் எகார்ட்டர்.

"முப்பத்தஞ்சு வருஷம் கூட வந்ததைக் கடைசி தடவை வீட்டுல விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா டாக்டர்?" என்றான் வின்சென்ஸ். ஒரே மூச்சில் அவன் அத்தனை நீளம் பேசி நான் கேட்டதில்லை.

தேட ஆரம்பித்தான். மூன்று கடைகளில் பேர் எழுதி வைத்தான். சால்ஸ்பர்க் சந்தைக்கு ரயிலேறிப் போய், தோட்டாவுக்குப் பதிலாக ஒரு கம்பளிச் சட்டையோடு திரும்பினான். மேல்கரை லியோபோல்டா, செத்துப்போன புருஷனின் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள். அதே நிறம், அதே விளிம்பு. வீட்டுக்கு வந்து அளந்தால் ஆறு மில்லிமீட்டர் குட்டை. கடைசியில் கீழூரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹார்ட்விக் ஒரு வழி சொன்னான்.

"குண்டு இருக்கு, மருந்து இருக்கு. கூடுதான் இல்ல. நீங்க சுட்ட பழைய கூட்டைக் கொண்டு வாங்கண்ணே, நிரப்பித் தர்றேன். வேற கூட்டை வெட்டி இந்த அளவுக்குக் கொண்டு வரணும்னா அடுத்த வசந்தம் ஆயிரும்."

வின்சென்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். இங்கே வேட்டையில் குறி தப்பாதவனுக்கு ஒரு தேவதாருக் கொப்பை ஒடித்துத் தொப்பியில் செருகிவிடுவார்கள். இவன் அந்தக் கொப்பில் பாதியைக் கிள்ளி, காலிக் கூட்டில் குட்டிப் பூச்சாடி மாதிரி குத்தி, யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுவான். பிள்ளைக்கு ஞானஸ்நானமா, ஒரு கூடு. புது டிராக்டரா, ஒரு கூடு. குறி பழகச் சுட்டதைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊர் முழுக்க அவன் பித்தளைதான்.

ஆகஸ்ட் முழுக்கப் பால் எடுக்கப் போன வீட்டிலெல்லாம் கேட்டான். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். அவன் அதையெல்லாம் சூப் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தனையிலும் ஓட்டை! சாவிக்கொத்தில் மாட்ட ஓட்டை, தொப்பியில் தைக்க ஓட்டை, கடிகாரச் சங்கிலிக்கு ஓட்டை. தீயணைப்புப் படை ஓஸ்வின் அவனுடையதை விசில் ஆக்கி வைத்திருந்தான். பாதிரியாரிடம் இருந்தது சப்பையாகி, ஆடுகிற நற்கருணை மேசைக் காலுக்கு அடியில் கிடந்தது.

"இதுல மருந்தை நிரப்பினா அண்ணன் மீசைதான் முதல்ல மலை ஏறும்" என்றான் ஓஸ்வின். விடுதியே சிரித்தது. வின்சென்ஸும் சிரித்தான், ஆனால் சூப்பை முடிக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அடுக்களை அலமாரியில், சீரக டப்பாவில், பதினான்கு கூடுகள் இருந்தன. ஒன்றிலும் ஓட்டை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக, ஆடு கிடைத்த ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பின்கதவு வழியாக வந்து, கொப்பு குத்திய கூடு ஒன்றை மாவுப் பலகையில் வைத்துவிட்டு, "குளிர் ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிப் போவான். அவ்வளவுதான். கொப்பைக் கிறிஸ்துமஸ் ராத்திரி சாம்பிராணியோடு வீட்டுக்குப் புகை போடுவேன், கூட்டை டப்பாவில் போடுவேன். கழுத்தில் மாட்டினால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது? குளிர் ஆரம்பித்துவிட்டது என்றா?

ஊரில் முப்பது வீட்டு வாசலில் நின்றவன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்கட்டும் என்று நானும் இருந்தேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. சூப்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். அதையும் குடித்துவிட்டுப் போனான்!

சுடும் பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது, தோற்றுப்போனவன் முகத்தோடு விடுதி முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். துப்பாக்கியை உங்கள் சுவரிலேயே மாட்டிக்கொள்ளுங்கள் என்கிறான். எனக்குத் தாங்கவில்லை. கரண்டியோடு போய் முன்னால் நின்றேன்.

"ஏன்டா வின்சென்ஸ், ஊரெல்லாம் பிச்சை எடுத்தியே, என் கதவு மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

தலை நிமிரவில்லை. "உன்கிட்ட கேக்க முடியாது, புர்கி."

"ஏன் முடியாது? நான் என்ன கடிச்சிருவேனா?"

"மத்தவங்களுக்குக் குடுத்தது சும்மா குடுத்தது. உனக்குக் குடுத்தது அப்படி இல்ல. குடுத்ததைத் திரும்ப வாங்கினா, இல்லைன்னு ஆயிரும்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, அதுவும் நான் ஏப்ரனும் எண்ணெய்க் கையுமாக நிற்கும்போது!

"இல்லைன்னு ஆகாது, முட்டாளே" என்று சொல்லி, டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டினேன். சீரகமும் கொஞ்சம் விழுந்தது. அவன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். எல்லாம் முழுசாக இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டான், வெங்காய வாடை என்றான். அன்றைக்கு நான் வெங்காயம் நறுக்கவே இல்லை.

ஹார்ட்விக் மூன்றை விரிசல் என்று ஒதுக்கி, பதினொன்றை நிரப்பித் தந்தான். ஞாயிற்றுக்கிழமை வின்சென்ஸ் மூன்று குண்டையும் ஒரு முட்டை அகலத்துக்குள் அடித்தான். டாக்டர் அட்டையை முகர்ந்து பார்த்து, "சீரக வாசனை வருதே அண்ணே" என்றார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் மலைக்குப் போனான். காலையில் போனவன் மூன்று மணிக்கு நொண்டிக்கொண்டு என் பின்கதவில் நின்றான். தொப்பியில் கொப்பு. ஆட்டை எகார்ட்டர் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல கூட்டை மாவுப் பலகையில் வைத்தான். வழக்கம்போலப் போகவில்லை.

"முட்டி இனிமே ஏறாது, புர்கி. இதுதான் கடைசி."

"அதனால?"

"அதனால... அடுத்த வருஷம் இந்த நேரத்துக்கு உன் கதவுக்கு வர்றதுக்கு எனக்குக் காரணம் இருக்காது."

"காரணம் இல்லாமலே வா" என்றேன். "முன்கதவு வழியா வா."

அவன் உட்கார்ந்தான். சூப் வைத்தேன். ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கூட" என்றான்.

மறுநாள் விடுதி முதலாளியிடம் துளைக்கருவியை இரவல் வாங்கி, அந்தக் கடைசிக் கூட்டில் நானே ஓட்டை போட்டேன். சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஓஸ்வின்தான் முதலில் கேட்டான், யார் கொடுத்தது என்று. சத்தமாகவே சொன்னேன்.