ஓரத்தில் ஒதுங்கியவை

சிறுநீர்ப் பரிசோதனை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் ஆயிரம் பேர். ஓரக்காரிக்கு அது பழகிப்போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அப்படித்தான் பட்டப்பெயர். சிறுநீரை மெஷினில் சுழற்றி, அடியில் தங்குவதில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு வைத்தால், மற்றவர்கள் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இவள் நாலு ஓரத்தையும் எறும்பு ஊர்கிற மாதிரி சுற்றி வந்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். சிறுநீரகம் கெட்டால் அதன் குழாய்க்குள்ளேயே உறைந்து வரும் உருளைகள், காஸ்ட் என்பார்கள், அந்த ஓரங்களில்தான் போய் ஒதுங்கும். நடுவில் தேடினால் ஒரு மண்ணும் தெரியாது.

இந்தப் புத்தி அவளுக்குச் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், காலையில் எழுந்தால் கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கிறது என்று தங்கை சொன்னாள். சிறுநீரும் கடுந்தேநீர் நிறத்தில் போனது. இவளே குப்பியில் வாங்கி வந்து தலைமை டெக்னீசியனிடம் கொடுத்தாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ரெண்டுமூணு. யாருடைய சிறுநீரானாலும் ‘சீழ் அணுக்கள் 2-3’ என்று எழுதித் தள்ளிவிடுகிற மகானுபாவர். ஒரு கையில் தேநீர்க் குவளை, மறு கையில் மைக்ரோஸ்கோப், நடுவில் ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான். சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டையில், ரத்தம் இருந்தால் நிறம் மாறுகிற கட்டம் பச்சையாகிக்கொண்டிருந்தது. மாதவிலக்கு கலந்திருக்கும் என்று அதையும் ஒதுக்கிவிட்டார். அதெல்லாம் இல்லை சார், ஓரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று இவள் கேட்டாள்.

“நேத்து வந்தவ நீ, எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான் இன்றுவரை நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் எழுதிக்கொடுத்த அந்தக் காகிதத்தை நம்பி வீட்டில் பதினோரு மாதம் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்புறம் தங்கையே இல்லை. ரெண்டுமூணு துக்கம் கேட்க வந்து, எல்லாம் விதி என்று சொல்லிவிட்டுப் போனார். விதியாம்! கீழே இவர் கையெழுத்து இருக்க, விதி என்ன செய்யும், பாவம்? அந்த அறிக்கையை இவள் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். உன் குப்பியும் ஒரு நாள் என் கைக்கு வரும், அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்று தினமும் கறுவிக்கொள்வாள்.

வந்தது. அவர் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவரே கொண்டுவந்து நீட்டினார். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிறாராம், உடல்தகுதிச் சான்று வேண்டுமாம். “இன்னும் இங்கதான் குப்பை கொட்டுறியா?” என்று சிரித்தார். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்தே போயிருந்தார்.

பட்டையை நனைத்தாள். புரதக் கட்டம் கரும்பச்சை, ரத்தக் கட்டமும் பச்சை. ஐந்து நிமிடம் சுழற்றினாள், வெளிச்சத்தைக் குறைத்தாள், ஓரத்துக்குப் போனாள். செங்கல் நிறத்தில், சிவப்பணுக்களை அடைத்து வைத்த உருளைகள், ஒன்றல்ல, ஏழெட்டு. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

இனி என்ன, அவர் எழுதியதையே அவருக்கு எழுதினால் போதும். பையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறட்டும், பதினோரு மாதம் கழித்துத் தெரியட்டும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? படிவத்தை இழுத்து ‘2’ என்று எழுதிவிட்டாள்.

அப்போதுதான் அவர் ஜன்னலுக்கு வந்தார். “என்னம்மா இவ்வளவு நேரம்? வழக்கம்போல ரெண்டு மூணு போட்டுக் குடு. நான் பார்க்காத யூரினா?”

பேனா நின்றுவிட்டது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு இவர் சிரித்தபடி போவார், நன்றாகத் தூங்குவார். கேட்டதையே கொடுத்தால் அது பழியா, பரிசா? இவ்வளவு வருஷம் காத்திருந்தது இவருக்கு நிம்மதி கொடுக்கவா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிய படிவத்தைக் கசக்கிப் போட்டாள். ஸ்லைடை நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, உள்ளே வந்து நீங்களே பாருங்கள் என்று கூப்பிட்டாள்.

அவர் உட்கார்ந்தார். நடுவில் ஒரு பார்வை, எழப் போனார். ஒன்றுமில்லையே, நான்தான் சொன்னேனே என்றார். அவள் குமிழைத் திருகி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அவர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை எழவில்லை. பிடரியில் வேர்வை அரும்பியது. என்ன இருந்தாலும் தொழில் தெரிந்தவர்தானே.

“இது... யாரோடது?”

“உங்களோடது.”

குப்பி மாறியிருக்கும் என்றார். அவர் கையாலேயே பெயர் எழுதிய குப்பியை அவள் அவர் முன்னால் தள்ளி வைத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, மடிப்பு நைந்த அந்தப் பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். படித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

“ஓரத்தையும் பாருங்கன்னு அன்னிக்குச் சொன்னேன் சார். அவளுக்கு இருபத்தி நாலு வயசு.”

அவள் புதுப் படிவத்தில் பார்த்ததை ஒரு வரி விடாமல் எழுதி, காஸ்ட் என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு நீட்டினாள்.

“இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் தெரிஞ்சா காப்பாத்திடலாம்.” கொஞ்சம் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “சீக்கிரம் தெரிஞ்சா” என்று இன்னொரு தடவை சொன்னாள்.

அவர் கதவை நெருங்கும்போது பழைய அறிக்கையையும் கொண்டுபோய் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் எப்படிப் போவார், இரண்டு காகிதத்திலும் அவர் பெயர் இருந்தது.