வால் வைத்த ஜாயிண்ட்

வேலை தேடுகிறவர்கள் தங்களைக் கடைபரப்பி வைக்கும் இணையப் பக்கத்தில் நண்டு தன்னைப் பற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி இது? ஆளயே காணோம். அஞ்சு குழாய்தான் நிக்குது. குழாய்க்கு வேலை தேடறியா?"

"குழாயப் பாத்தா போதும். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"வேலை குடுக்கறவங்க எல்லாம் தெரியாதவங்கதான். மூஞ்சியப் போடு. பேரப் போடு."

"அது ரெண்டையும்தான் போட முடியாது."

அறைத்தோழி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். வலது கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, ஒரு பையும் ஒரு வெல்டிங் முகமூடியுமாக நண்டு வந்து நின்றபோது கதவைத் திறந்தவளே அவள்தான். போனில் அந்நியர்களிடம் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்கும் கால் சென்டர்காரி; யாருடைய அழுகையையும் குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவள். அன்று முழுக்கதையையும் கேட்டாள்.

நண்டு என்பது அப்பா வைத்த செல்லப்பேர். கைக்குழந்தையாக இருந்தபோதே எதைப் பிடித்தாலும் விடமாட்டாளாம். அப்பாவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. அவர் கண்ணை மூடியதும் அது அண்ணன் கைக்குப் போயிற்று. அந்தக் கைக்கோ அடிக்காமல் இருக்கத் தெரியாது. வேலையாள் தாமதமாக வந்தால் கேஸ் ஹோஸால் ஒன்று. வெல்டிங் ராடு வீணானால் ஒன்று. சோறு ஆறிப்போயிருந்தால் அண்ணிக்கு ஒன்று. வாங்கியவன் முனகினால், "வலிக்குதா? அப்ப உசுரோடதான் இருக்கே, வேலையப் பாரு" என்பான். அதைப் பெரிய நகைச்சுவையாக நினைத்துத் தானே சிரிப்பான். கூடச் சிரிக்காதவனுக்கு இன்னொன்று விழும்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்தப் பட்டறையில் முகமூடி மாட்டியவள் நண்டு. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டும் ஆர்கான் வெல்டிங்தான் அவளுக்குக் கைவந்தது. ஒட்டின இடத்தைத்தான் ஜாயிண்ட் என்பார்கள். மீன் செதில்போல வரிவரியாக அது படிய வேண்டும். அண்ணனுக்கு அந்த வரி விழாது. கோபக்காரன் கை ஓரிடத்தில் நிற்காது. அதனால் நண்டு பின்னறையில் உட்கார்ந்து ஒட்டுவாள், அண்ணன் முன்னால் நின்று தன் வேலை என்று காட்டுவான். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

ஒருநாள் பெரிய இடத்து ஆர்டர் கொடுக்க வந்தவர் ஒரு ஜாயிண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு போட்டது இது?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பின்னறை வாசலில் நின்றிருந்த நண்டு, "நான்தான்" என்று சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டும் என்று திட்டமெல்லாம் இல்லை. கேள்வி கேட்டார், பதில் வந்துவிட்டது.

அவருடைய வண்டி தெருமுனை திரும்பும்வரை அண்ணன் சிரித்த முகமாகக் கையாட்டினான். பிறகு ஷட்டரை இறக்கினான். வேலையாட்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். தங்கையின் வலது கையை மேசைமேல் விரித்து அழுத்திக்கொண்டு, கசடு தட்டும் சுத்தியலை எடுத்தான்.

"நான் நான்னு சொன்னியே, எந்த விரல் சொல்லிச்சு?"

சுண்டுவிரல்மேல் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் பட்டறையில் கேட்கும் மற்ற எல்லாச் சத்தத்தையும்விடச் சின்னது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

விரல் ஆறியது, ஆனால் மடங்கவில்லை. வெல்டர்கள் சுண்டுவிரலைக் குழாய்மேல் ஊன்றித்தான் தீப்பொறி கக்கும் வெல்டிங் டார்ச்சை நகர்த்துவார்கள். மடங்காத விரல் ஜாயிண்ட் முடிகிற இடத்தில் இடறும், டார்ச் இடப்பக்கம் சறுக்கும், கடைசி வரியில் பூனைக்குட்டி வால்போல ஒரு சின்ன வளைவு விழும். ஜாயிண்டின் பலத்துக்கு அதனால் ஒரு குறையுமில்லை. பார்க்கத்தான் வால். அந்த வாலோடு சில மாதம் பட்டறையில் ஒட்டிக்கொடுத்து, அதைக் காட்டி அண்ணன் சிரித்த சிரிப்பையும் பார்த்துவிட்டுத்தான் அவள் ஓடிவந்தாள்.

ஓடிவந்த இடத்தில் அவளுக்குக் கிடைத்தது கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு கடை. அங்கே இரும்பு அறுத்துக் கொடுத்தாள். மேடையில் பாடுகிறவளைக் கூப்பிட்டு மைக் துடைக்கச் சொன்ன மாதிரி. நகரத்துக்கு வெளியே, ஆலைகளுக்குக் குழாய் ஒட்டிக் கொடுக்கும் பெரிய யார்டு ஒன்று இருந்தது. அங்கே அவள் கைக்கு வேலை உண்டு, மதிற்சுவர் உண்டு, வாசலில் காவல் உண்டு. நேரில் போய் நின்றபோது காவலாளி, "எல்லாம் ஆன்லைன்தான்மா. அவங்க கண்ணுல பட்டா அவங்களே கூப்பிடுவாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் கண்ணில் படவேண்டும்; அண்ணன் கண்ணில் படக்கூடாது. இதுதான் நண்டின் பாடு.

அறைத்தோழி சப்பணம் போட்டு உட்கார்ந்து வேலையில் இறங்கினாள். "வெறும் வெல்டர்னு போட்டா கும்பல்ல கும்பலாப் போயிடுவே. ஆள் தேடறவன் என்ன வார்த்தைய அடிப்பானோ, அந்த வார்த்தைல நீ முந்திப்போய் உக்காந்திருக்கணும். சொல்லு."

ஆர்கான், எஸ்.எஸ். குழாய், அழுத்தக் குழாய் என்று நண்டு சொல்லச் சொல்ல அவள் ஏற்றினாள். பேருக்குப் பதில் இரண்டு எழுத்து. முகத்துக்குப் பதில் அந்த ஐந்து குழாய்கள். கடை மூடியபின் மிச்சத் துண்டுகளில் நண்டு ஆசை ஆசையாக ஒட்டியவை. கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்தது.

"யார் கண்ணுல படணும்னு கேக்குது. எல்லாருக்குமா, ஆள் எடுக்கற கம்பெனிகளுக்கு மட்டுமா?"

"கம்பெனிக்கு மட்டும். அவன் வேலை குடுக்கறவன் இல்ல, அடி குடுக்கறவன்."

இருவரும் சிரித்தார்கள். அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

அழைப்பு சீக்கிரமே வந்தது. ஏதோ ஒரு புதுக் கம்பெனி. 'ஐந்தாவது படத்தில் உள்ளது போலவே ஜாயிண்ட் வேண்டும். ஞாயிறு மதியம் செய்முறைத் தேர்வு. சொந்த முகமூடி கொண்டு வரவும்' என்றது செய்தி. நண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஐந்தாவது படம் என்று குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ அவள் வேலையை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

டயர் கடைக்குப் பக்கத்தில் தகர ஷெட். உள்ளே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குழாய் ஒட்டிக்கொண்டிருந்தான். வெளிச்சத்தைப் பார்க்காமல் மரியாதையாகத் தள்ளி நின்றாள் நண்டு. வெளிச்சம் அணைந்தது. அவன் முகமூடியைத் தூக்கிவிட்டுத் திரும்பினான்.

"வாம்மா நண்டு. சாப்பிட்டியா?"

அவள் வாசலுக்குப் பாய்வதற்குள் அவன் முந்திப்போய் ஷட்டரை இறக்கித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டான். அண்ணன் அவள் போனைப் பிடுங்கித் தண்ணீர் டிரம்மில் போட்டான். பிறகுதான் முதல் அறை. காதுக்குள் விசில் ஊதியது.

"இது ஓடிப்போனதுக்கு."

இரண்டாவது, குத்து. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"இது பட்டறை காலியானதுக்கு. ஒருத்தன் விடாம ஓடிட்டானுங்க. ஆள் பிடிக்கலாம்னு நானும் கம்பெனின்னு பதிஞ்சு, கண்ணு பூத்துப்போற அளவுக்கு வெல்டர் போட்டோவாப் பாத்தேன். ஒருத்தன் ஜாயிண்டுலயும் வால் இல்ல." தன் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். ஐந்தாவது குழாய்; அதில்தான் வால் தெரியும்படி படம் விழுந்திருந்தது. "இது நான் வெச்ச வால்டி. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, அடிக்காதே. நீ சொல்றதச் செய்றேன்."

"டெஸ்ட்டுன்னு கூப்பிட்டேன், டெஸ்ட்டுதான். உக்காரு. பழைய கை இருந்தா வண்டில ஏறு, பட்டறைக்குப் போலாம். இல்லாட்டி மிச்ச விரலயெல்லாம் வெச்சிட்டு என்ன பண்ணப்போறே?"

மேசைமேல் இரண்டு குழாய்த் துண்டுகள் பிடிப்பில் தயாராக இருந்தன. பக்கத்தில் அதே சுத்தியலை வைத்தான். பட்டறையிலிருந்து அதைக்கூட எடுத்து வந்திருந்தான்.

நண்டு உட்கார்ந்தாள். கையுறை மாட்டி, முகமூடியை இறக்கினாள். அண்ணனும் தன் முகமூடியை இறக்கிக்கொண்டு, மேசை விளிம்பில் கையை ஊன்றி, குற்றம் கண்டுபிடிக்கக் குனிந்தான். டார்ச் பற்றியது. நீல வெளிச்சத்தில் வரி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது.

இருவருடையதும் பழைய மாதிரி முகமூடிகள். டார்ச் எரிகிறவரை அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே ஜாயிண்ட் தெரியும். டார்ச் அணைந்தால் ஒன்றுமே தெரியாது. ராடு தீர்ந்து புதிது எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவன் முகமூடியைத் தூக்கமாட்டான். எந்த நொடியும் வெளிச்சம் திரும்பக் கண்ணைச் சுடலாம் என்பதால் இருட்டிலேயே காத்திருப்பான். வெல்டருக்கு ஊறிப்போன பழக்கம் அது.

பாதி ஜாயிண்டில் நண்டு டார்ச்சை அணைத்தாள்.

"ராடு மாத்தறியா?" என்றான் அண்ணன், இருட்டுக்குள்ளிருந்து.

அவள் முகமூடியைத் தூக்கினாள். சுத்தியல் எங்கே, அவன் விரல்கள் எங்கே என்று பார்த்தாள். ஓங்கிப் போட்டாள். இந்தச் சத்தம் அவ்வளவு சின்னதாக இல்லை. போதவில்லை என்று தோன்றவே இன்னொன்று போட்டாள்.

அவன் அலறிக்கொண்டு தலையை வீசினான். முகமூடியின் விளிம்பு அவள் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடியது. நல்ல கையால் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கேஸ் சிலிண்டரில் அவள் தலையை மோதினான், மறுபடியும் மோதினான். அவள் கண்மண் தெரியாமல் சுத்தியலை வீச, அது அவன் முழங்காலில் இறங்கியது. பிடி தளர்ந்தது. கொத்து முடி அவன் கையோடு போனது. நண்டு தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை அடித்துத் தள்ளி, ஷட்டரைச் சுத்தியலால் இடி இடியென்று இடித்தாள்.

டயர் கடை ஆட்கள் ஷட்டரைத் தூக்கினார்கள். முகமெல்லாம் ரத்தமாக, கையில் சுத்தியலோடு ஒரு பெண் வெயிலில் வந்து விழுந்தாள். பின்னாலேயே ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடி, "கொன்னுடுவேன்டி" என்று வந்தான். தெரு கூடிவிட்டது. கைகள் நீளுமுன் போன்கள் நீண்டன. டயர் கடைக்காரர் ஒருவர்தான் கையில் வீல் ஸ்பேனரோடு குறுக்கே வந்து நின்றார்.

"இன்னொரு அடி எடுத்து வெச்சுப்பாரு தம்பி. அந்தக் கையையும் கழட்டிடுவேன்."

சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றிவந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் அண்ணன், "தங்கச்சி என்னைக் கொல்லப் பாத்தா சார்" என்று அழுதான். வழக்கு இரண்டு பேர்மேலும் பதிவாயிற்று. அவனை உள்ளே வைத்தார்கள். இவளைத் தையலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அந்தப் பக்கத்த அழிச்சுடலாம்டி" என்றாள் அறைத்தோழி. "நான்தான் உன்ன மாட்டி விட்டேன்."

"அழிக்காத. போட்டோ எடு."

"இந்த மூஞ்சியோடயா?"

"மூஞ்சி இல்லாததாலதான் ஒரு தகர ஷெட்டுக்கு என்னத் தனியா வரவெச்சான். நான் அங்க போனது யாருக்கும் தெரியாது. இனிமே எல்லாருக்கும் தெரியட்டும்."

அறைத்தோழி போனைத் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் சிரியேன்."

"சிரிச்சா தையல் இழுக்குது. அப்படியே எடு."

முழுப்பேர் ஏறியது. பிளந்த புருவத்தோடு முகம் ஏறியது. 'எல்லாருக்கும்' என்பதை நண்டே மடங்காத விரலால் அமுக்கினாள். குழாய்கள் ஐந்தும் அப்படியே இருந்தன.

பிறகு வந்ததெல்லாம் பெரும்பாலும் சாக்கடை. கூடப்பிறந்தவனை அடித்தவள் என்று திட்டினார்கள். வீட்டு வேலைக்கு வருவாயா என்று இளித்தார்கள். அறைத்தோழி தொழில்முறைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகத் துடைத்தெறிந்தாள். ஒரு காலையில் யார்டில் ஆள் எடுக்கும் அம்மா அறைத்தோழியின் போனுக்கு அழைத்து நண்டிடம் பேசினார்.

"வீடியோல சுத்தியலோட இருக்கறது நீங்களா?"

"ஆமா மேடம்."

"குழாய் அஞ்சும் நீங்க ஒட்டினதா?"

"ஆமா மேடம்."

"திங்கக்கிழமை டெஸ்ட். மெயின் கேட் வழியா வாங்க. துணைக்கு ஆள் கூட்டிட்டு வர்றதுன்னாலும் வாங்க."

கால் சென்டரில் லீவு கிடையாது என்றவர்களோடு சண்டை போட்டே லீவு வாங்கி, அறைத்தோழி கூட வந்தாள். யார்டின் கூடத்தில் ஆளுக்கொரு மறைப்புக்குள் வெல்டர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நண்டும் ஒட்டினாள். கடைசி வரியில் டார்ச் சறுக்கி வால் விழுந்தது. அதைத் தேய்த்து மறைக்கக் கிரைண்டர் பக்கத்திலேயே இருந்தது. தொடவில்லை.

பரிசோதகர் துண்டுகளை வரிசையாக மேசையில் வைத்து, டார்ச் லைட் அடித்து உள்ளும் புறமும் பார்த்துக்கொண்டே வந்தார். வால் வைத்த ஜாயிண்டில் நின்றார். கட்டைவிரலால் தடவினார்.

"யாரு போட்டது இது?"

நண்டின் வலது கை தானாகப் பின்னால் போய் முதுகுக்குப் பின் ஒளிந்துகொண்டது. பார்வை ஷட்டரைத் தேடியது. ஷட்டர் திறந்துதான் இருந்தது. வாசலில் அறைத்தோழி காவலாளியோடு ஏதோ வாயடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. துண்டைத் தேறியவற்றின் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து எண் பொறிக்கும் உளிகளை எடுத்துப்போட்டார். அந்த யார்டில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒட்டின ஒவ்வொரு ஜாயிண்டுக்குப் பக்கத்திலும் அதை அடித்தாக வேண்டும். நாளைக்குக் குழாய் ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் யார் போட்டது என்று தெரிய வேண்டுமாம்.

"உங்க நம்பர் நாப்பத்தேழு. வாலுக்குப் பக்கத்துல அடிங்க. ஆழமா அடிக்கணும், அழியக்கூடாது" என்று அவள்முன் ஒரு சுத்தியலை நகர்த்தினார்.

நண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்து அடித்தாள்.