ஃபிலாவின் அச்சு

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கிரேக்க தேசத்துத் தனாக்ராவில் மெனோன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

மெனோன் மண் பொம்மை செய்கிறவன். சாமி பொம்மை அல்ல. மாவு பிசைகிற கிழவி, முடி வெட்டுகிறவன், விசிறியோடு நிற்கும் பெண் என்று தெருவில் போகிற வருகிற ஆட்களை அச்சில் மண்ணை அழுத்திச் செய்வான். தமாத்ரியாவின் ஒரே மகள் ஃபிலா காய்ச்சலில் செத்தபோது, குழிக்குள் அவளோடு வைக்க ஒரு பொம்மை கேட்டார்கள். ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை வைத்து அஞ்சாங்கல் மாதிரி ஆடுவார்களே, அப்படிக் குனிந்து உட்கார்ந்து விளையாடுகிற பெண்ணாக அவளைச் செய்தான். முகம் அப்படியே வந்துவிட்டது. பெற்றவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இந்த முகம் கண்டவன் வீட்டு அலமாரியில உக்காரக் கூடாது மெனோனு. அச்சை என் கண்ணெதிர உடை."

"அதுக்கென்னக்கா, உடைச்சிடறேன்."

குழிமேட்டில் வைத்தே உடைத்தான். ஆனால் உடைத்தது கிழவி பொம்மையின் தேய்ந்துபோன அச்சை. அழுதுகொண்டிருந்தவளுக்கு எந்த அச்சு என்று பார்க்கவா தோன்றும்? கைகூடி வந்த நல்ல முகத்தைத் தூக்கிப் போட அவனுக்கு மனசு வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. குறுகுறுத்ததோடு சரி.

ஃபிலா வெளியூர்ச் சந்தைகளில் நன்றாக விலைபோனாள். போடப் போட அச்சு தேய்ந்தது. விற்காத பொம்மை ஒன்றின் மேல் மண்ணை அப்பிப் புது அச்சு எடுத்தான். மண் காய்ந்தால் சுருங்கும், சுட்டால் இன்னும் சுருங்கும். அதனால் அடுத்து வந்த பொம்மைகள் சற்றுச் சிறியவை. அந்த அச்சும் தேய்ந்ததும் அதேபோல இன்னொன்று. பொம்மைகள் இன்னும் சிறியவை.

வாங்கிப்போகும் வியாபாரி தியோன் கிண்டலடித்தான். "என்னப்பா, வரவரப் பொண்ணு இளைச்சுக்கிட்டே போறா? கஞ்சி ஊத்துறதில்லையா?"

மெனோனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவன் அவளைப் பார்த்திருந்தான்.

முதல் தடவை... உச்சி வெயில். மனைவி நிக்காரெதா ஊற்றுக்குப் போயிருந்தாள். ஒலிவ மரத்துச் சிள்வண்டுகள் சட்டென்று அடங்கின. முற்றத்துக் கல்லில் எலும்பு விழும் சத்தம். டக்... டக்... எட்டிப் பார்த்தான். ஃபிலா குனிந்து விளையாடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோது என்ன உயரமோ அதே உயரம். காலடியில் நிழல்கூட விழுந்தது.

நிக்காரெதாவிடம் சொன்னான்.

"வெயில்ல மண்டை காஞ்சிருச்சு உங்களுக்கு. மதுவுல தண்ணி கலக்காம குடிச்சீங்களாக்கும்" என்று அவள் குடத்தை இறக்கினாள்.

இரண்டாவது அச்சு எடுத்த பிறகும் வந்தாள். அவன் இடுப்பளவுதான் இருந்தாள்.

மூன்றாவதுக்குப் பிறகு... முழங்கால் அளவு.

இன்னொரு அச்சு எடுத்த பிறகு ஒரு சாண்.

டக்... டக்...

சத்தம் மட்டும் குறையவில்லை.

எழுந்தாள். முதல் தடவையாகத் திரும்பினாள்.

முதுகில் ஓட்டை.

சூளையில் வெடிக்காமல் இருக்க ஒவ்வொரு பொம்மையின் முதுகிலும் அவன் கத்தியால் வெட்டுகிற அதே சதுர ஓட்டை. உள்ளே... ஒன்றும் இல்லை.

அன்று அவனைத் தூங்கவிடாமல் அடித்தது பயம் இல்லை, வெட்கம். அடுத்தவள் பெற்ற பிள்ளையைக் கூடை கூடையாகச் சந்தைக்கு அனுப்பியவன் என்று தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசியது. விடிந்ததும் சுத்தியலை எடுத்தான். அச்சுகள், மீந்த பொம்மைகள் எல்லாவற்றையும் நொறுக்கினான். மத்தியானம் வந்தது. சிள்வண்டுகள் கத்திக்கொண்டே இருந்தன. முற்றத்தில் யாரும் இல்லை. விட்டது சனி என்று மூச்சு விட்டான்.

இருந்தாலும் தமாத்ரியாவிடம் சொல்லாமல் சோறு இறங்காது என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றான். அவன் வாயெடுக்கும் முன் அவள் பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்லலை மெனோனு. புள்ளை மத்தியானத்துல வந்துக்கிட்டிருந்தா. இங்கதான் உக்காந்து விளையாடுவா. முதுகை மட்டும் காட்ட மாட்டா. நானும் கேக்கலை. ஆனா வரவரச் சின்னதாயிட்டே போனா. நான்தான் அவளை மறந்துட்டு வர்றேனோன்னு பயந்து, ராத்திரியெல்லாம் அவ பேரைச் சொல்லிக்கிட்டே கிடந்தேன். கடைசியா வந்தப்ப கைக்குள்ள அடங்குற அளவு. போக விடலை. மடியில வச்சுப் பொத்திக்கிட்டேன். அவளும் பேசாம இருந்தா. முந்தாநாள் காலையில..."

மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே சுட்ட மண் தூள்.

மெனோன் சொன்னான். குழிமேட்டில் உடைத்தது வேறு அச்சு என்பதில் தொடங்கி, முந்தாநாள் காலையில் சுத்தியல் எடுத்தது வரை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

அவள் விரித்த கையை மறுபடி மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு உடைடான்னு கெஞ்சினேன்" என்றாள். "இப்ப எதுக்குடா உடைச்சே?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.