போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்

என் கணவரை எதிர்த்துப் பட்டிமன்றத்தில் பேச வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டில் எதிர்த்துப் பேசுவது வேறு. அங்கே நடுவர் கிடையாது.

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் கோயில் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நடந்தது. மறுபடியும் நிலாவுக்கு ஆள் அனுப்புவதைப் பற்றித் தொலைக்காட்சியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நேரம். 'மனிதரை விண்வெளிக்கு அனுப்புவது தேவையா, வீணா?' என்று தலைப்பு வைத்தார்கள். நடுவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். ஒரு வாரம் முன்பே எங்களைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆராய்ச்சி, மருந்து, கனிமம்னு யாரும் பேசக் கூடாது. அதையெல்லாம் இயந்திரம் பாத்துக்கும்னு வச்சுக்குவோம். ஆளு எதுக்குப் போகணும்? அத மட்டும் சொல்லுங்க."

சீட்டுக் குலுக்கிப் போட்டதில், லோரி ஓட்டும் என் கணவர் 'வீண்' அணிக்குத் தலைவரானார். பல் கிளினிக்கில் வேலை செய்யும் நான் 'தேவை' அணி.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரகசியம்தான். அவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசிப் பழகினார். நான் சட்னி அரைக்கிற சாக்கில், மிக்ஸி சத்தத்துக்குள் என் முன்னுரையைச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன பேசப் போற?" என்று கேட்டார்.

"மேடையில கேட்டுக்குங்க."

உண்மையில் என்னிடம் பேச ஒன்றுமில்லை. கைப்பேசியில் தேடியதில் கிடைத்ததெல்லாம் நடுவர் வேண்டாம் என்ற விஷயங்கள். கனவு, துணிச்சல், சாதனை என்று எதையோ எழுதிவைத்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது.

அன்றைக்கு என் அணியிலிருந்து முதலில் பேசியவர் ஒரு தாதி. "கடலைத் தாண்டி வந்த நம்ம முன்னோர்களும் அந்தக் காலத்து விண்வெளி வீரர்கள்தான்!" என்றார். நல்ல கைதட்டல். அடுத்து என் கணவர் பூப்போட்ட பாத்தேக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"தங்கச்சி, அவங்க ஆசைப்பட்டா வந்தாங்க? ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி ஆசை காட்டிக் கூட்டிட்டு வந்தாரு. நிலாவுலயும் பால்மரம் சீவ ஆள் எடுக்கிறாங்களா?"

மண்டபம் குலுங்கியது. எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் விடவில்லை.

"கேமரா அனுப்புங்க போதும். கல்லு, மண்ணு, பள்ளம் எல்லாத்தையும் வீட்டுல உக்காந்தே பாக்கலாம்லா. பாக்கிறதுக்கு ஆளு எதுக்கு?"

அடுத்தது என் முறை. ஒலிவாங்கியை நோக்கி நடக்கும்போது அந்தக் கடைசி வரி என் காதிலேயே நின்றது. பார்க்கிறதுக்கு ஆள் எதற்கா? கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

"நடுவர் ஐயா, எங்க மக கடல் தாண்டி சபா மாநிலத்துல படிக்கிறா. தினமும் சாயங்காலம் வீடியோ கால்ல பேசுவா. ரூமக் காட்டுவா, சாப்பிட்ட தட்டக் கூடக் காட்டுவா. எல்லாம் பாத்தாச்சு. ஆனா எங்க வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் மனசு கேக்கல. 'படத்துல பாத்தா பாத்த மாதிரியா?'ன்னு கேட்டாரு. அதுவரைக்கும் பிளேன்ல ஏறாத மனுஷன். லீவு போட்டு, இட்லிப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கிட்டு, அவ இருக்கிற கோத்தா கினபாலுவுக்குப் பறந்து போனாரு."

தலைகள் ஒவ்வொன்றாக என் கணவர் பக்கம் திரும்பின. அவர் மண்டபத்து மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'புள்ள அரிசி கழுவுறப்ப பாட்டு முணுமுணுக்குது, நல்லாத்தான் இருக்கு'ன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி. கேமரா முன்னால அவ ஒருநாளும் பாடுனதில்லீங்க. நம்மள்ல ஒருத்தர் போய், பயந்து, பசிச்சு, பாத்துட்டு வந்து சொன்னாத்தான் ஒரு எடம் நமக்கு எடமாகுது. இல்லாட்டி அது வெறும் படம். நிலாவும் அப்படித்தான்."

"அண்ணே, மாட்டிக்கிட்டீங்கலா!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார். என் கணவர் துள்ளி எழுந்தார்.

"ஐயா, அது மக! நிலாவுல எனக்கு யாரு இருக்கா?"

"ஒருத்தர் போனா, இருக்காருலா?" என்றேன்.

நடுவர் சிரித்து முடிக்கவே வெகுநேரமாயிற்று. "பேச்சுன்னு பாத்தா 'வீண்' அணிதான் நல்லாப் பேசுச்சு. ஆனா அந்த அணித் தலைவரே டிக்கெட் எடுத்துட்டாரு, நான் என்ன செய்ய?" என்று எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

கோயில் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரான பத்து காஜாவிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். அவர் சாலையையே பார்த்துக் காரை ஓட்டினார். கோபமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஊர் நெருங்கும்போது தானாகவே பேசினார்.

"பிளேன் மேல ஏறுனப்ப கீழ பாத்தேன். செம்பனைக் காடு பாய் விரிச்ச மாதிரி இருந்துச்சு. சின்னப் புள்ளையில ஓடி ஓடித் தீராத தோட்டமும் மேலருந்து பாத்தா இவ்வளவுதானேன்னு தோணுச்சு. ஜன்னல்ல கைய வச்சேன், அத்தன காடும் உள்ளங்கையில மறைஞ்சிருச்சு. அழுகை வந்துருச்சு. பக்கத்துல இருந்த சீன அம்மா டிஷ்யூ குடுத்தாங்க."

நான் திகைத்துப்போனேன். "பயமா?"

"பயமில்ல. என்னன்னு சொல்லத் தெரியல. யாரையாவது கூப்பிட்டு, 'இங்க பாரேன்'னு காட்டணும் போல இருந்துச்சு."

"இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ மகளப் பத்தித்தானே கேட்ட? என்னப் பத்திக் கேக்கலயே."

வீட்டு வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஆனால் இறங்கவில்லை. மேகத்துக்குள் புகுந்தபோது ஜன்னல் எப்படி வெளுத்தது, அந்தச் சீன அம்மாவிடம் மலாயில் என்ன சொல்லிச் சமாளித்தார், ஊறுகாய் வாசனைக்கு யார் யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மடியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய விமானம் இன்னும் கடலுக்கு மேலேதான் இருந்தது. கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.