கறுத்த திரையிலிருந்து வந்த பாங்கு

பம்மலில் நானும் என் கணவரும் தோல் பை தைத்துக் கொடுக்கிறோம். பைகளின் டிசைன்கள் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. ஒரு மதியம், படம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நம்பி அதன் கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்தேன். பாதியில் திரை கறுத்துவிட்டது. எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை. டிசைன் பார்க்க மறுநாள் வியாபாரி வருகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இருவரும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். செத்துப்போனது என்று நினைத்த லேப்டாப்பிலிருந்து திடீரென அஸர் தொழுகைக்கான பாங்கு எழுந்தது. தொழுகை நேரத்தில் ஒலிக்கும்படி என் கணவர் என்றோ போட்டுவைத்த மென்பொருள் அது. சற்றுப் பொறுத்துத் தெருமுனைப் பள்ளிவாசலின் பாங்கும் சேர்ந்துகொண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இதுக்கு உசுரு கீது, பாத்தியா. ஸ்கிரீன்தான் அவுட்டு" என்றார் அவர்.

தொழுதுவிட்டு வந்து, லேப்டாப்பை அணைத்து மறுபடி ஆன் செய்து, புது டிரைவர் இல்லாமலே திரை தெரியும் சேஃப் மோடில் திறந்தேன். புது டிரைவரை நீக்கிப் பழையதையே போட்டேன். டிசைன்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

இப்போதெல்லாம் சிடியில் பிரதி எடுக்காமல் எதையும் அப்டேட் செய்வதில்லை. திரை கறுத்தால் பதறுவதுமில்லை. முதலில் காது கொடுத்துக் கேட்கிறேன்.