மேடையில் அழுத பெரியம்மா

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் எங்கே பழம் பழுக்கிறதோ அங்கே போய் வேலை செய்தேன். மில்டூராவில் திராட்சை பறித்த வருடம் என் அறையில் ஒரு பிரெஞ்சுப் பெண் தங்கியிருந்தாள். பெரியம்மாவின் பெயரைச் சொன்னதும் அவள் நம்பவில்லை. பெரியம்மாவை மேடையில் பார்க்கத் தன் தாய் மழையில் வரிசையில் நின்றதாகச் சொன்னாள். நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்றேன். மிச்சத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. அகதியாகப் பாரிஸுக்குப் போய் ஒரு நாடக அரங்கில் தரை துடைத்தவர். ஒருநாள் வராத நடிகைக்குப் பதிலாக அவரை மேடையேற்றினார்கள். பிறகு அவர் இறங்கவே இல்லை. நாடகம், சினிமா, விருது என்று போனது. மெல்பேர்னை ஒட்டிய டண்டினொங்கில் எங்கள் வீட்டில் அந்த விருதுகளைப் பற்றிப் பேச்சில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்கள் இருவரின் தகப்பன் இறந்தபோது அம்மா கோழித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஓடினார். பெரியம்மா வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவருக்கு நாடகம் இருந்தது.

"ஐயாவைவிட அவவுக்கு நாடகம் பெரிசு," என்பார் அம்மா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

எனக்குப் பத்து வயதானபோது பெரியம்மாவின் நாடகக் குழு மெல்பேர்னுக்கு வந்தது. தபாலில் இரண்டு டிக்கெட் வந்தன. கடிதம் இல்லை.

"போய்ப் பாருமன், உம்மட அக்காதானே," என்றார் அப்பா.

"பாக்க மட்டும் போறன். கதைக்கமாட்டன்."

அப்படிச் சொன்னவர், கல்யாண வீடுகளுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

நாடகம் பிரெஞ்சில் நடந்தது. மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. பெரியம்மா ஒரு மீனவனின் தாய். மகன் கடலில் செத்துப்போனான். உடலின் முன்னால் முழங்காலில் விழுந்தவர், திடீரென்று தமிழில் அழத் தொடங்கினார்.

"என்ர ஐயா, நான் வந்து முகம் பாக்கமுன்னம் உங்களைக் கொண்டுபோட்டினமே..."

மேலே திரை வெறுமையாக இருந்தது. நாடகத்தில் செத்தது மகன். பெரியம்மா அழுதது தகப்பனுக்கு. அந்த மண்டபத்தில் அது விளங்கிய இரண்டு பேரில் நான் இல்லை.

எங்கள் ஆட்களில், செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவர் பிறகு வந்து அழும்போது வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழவேண்டும். அதன் பிறகுதான் மற்றக் கதை. அம்மா எழுந்தார். ஆட்களின் முழங்கால்களைத் தாண்டி நடந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலைகள் திரும்பின. நான் சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, ப்ளீஸ், சிட் டவுன். எல்லாரும் பாக்கினம்."

"விடு பிள்ளை. அக்கா அழுறா."

"இட்ஸ் ஜஸ்ட் ஆக்டிங், அம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பெரியம்மா இரண்டு கைகளையும் எங்கள் பக்கமாக நீட்டியபடி வெகுநேரம் இருந்தார். பிறகு பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்.

முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. வாசலில் ஒரு பெண் எங்களைத் தேடிவந்து, பெரியம்மா உள்ளே காத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டார்.

"அக்கா அழேக்குள்ள போகேல்லை. இனி என்னெண்டு போறது?" என்றார் என்னிடம்.

அக்காவும் தங்கையும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை.

ரயிலில் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடி வந்தார். சத்தம் போட்டதற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் கையைத் தடவி, என் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னேன்.